பாரதி பார்த்த வால்நட்சத்திரம்

புதுச்சேரிக் கடற்கரையை ஒட்டி வடக்கே நடந்தால், பிரெஞ்சுக்காரர்களின் நேர்கோட்டு வீதிகள் முடிந்ததும் குருசுக்குப்பம் வந்துவிடும். ‘குருசு’ போர்த்துகீசியரிடமிருந்து தமிழுக்கு வந்த சொல். ‘குப்பம்’ நம்முடையது. மணல் விரிந்து கிடந்த கரையில் இன்று கருங்கல் குவித்திருக்கிறார்கள். ஆனாலும் கிழக்கே மறைப்பு எதுவும் இல்லை. கடலும் வானமும்தான்.

1910 மே மாதத்தில் அந்தக் கிழக்கு வானில், விடிவதற்கு முன், ஹாலி வால்நட்சத்திரம் எழுந்தது. இதே ஊரில் அடைக்கலம் புகுந்திருந்த 27 வயதுக் கவிஞர் ஒருவர் அதைப் பார்த்தார். ‘சாதாரண வருஷத்துத் தூமகேது’ என்று தலைப்பிட்டு ஒரு கவிதை எழுதினார். ‘சாதாரண’ என்ற பெயருள்ள தமிழ் ஆண்டு 1910 சித்திரையில்தான் பிறந்திருந்தது. தூமகேது என்றால் வால்நட்சத்திரம்.

சுப்பிரமணிய பாரதி ஏன் அப்போது புதுச்சேரியில் இருந்தார்? அரசியல்தான் காரணம். 1908-இல் சென்னையில், அவர் எழுதி நடத்திவந்த ‘இந்தியா’ பத்திரிகை மீது வழக்குப் பாய்ந்தது. சட்டப்படி ஆசிரியராகப் பதிவாகியிருந்த சீனிவாசன் கைதானார். அடுத்தது பாரதிதான் என்ற நிலையில் அவர் பிரெஞ்சுக் கொடி பறந்த ஊருக்கு வந்துசேர்ந்தார். அதே ஆண்டு ‘இந்தியா’ இங்கிருந்து மறுபடி வெளிவரத் தொடங்கியது. ஆங்கில அரசு சும்மா இருக்கவில்லை. தன் எல்லைக்குள் பத்திரிகை நுழையத் தடை போட்டது. சந்தா வரும் வழி அடைபட்டது. 1910 மார்ச்சில் பத்திரிகை நின்றது. ஏப்ரல் 4-ஆம் தேதி அரவிந்தரும் அடைக்கலம் தேடிக் கப்பலில் வந்து இறங்கினார். அடுத்த மாதம் வானில் தூமகேது.

அந்த மே மாதத்தில் உலகமே பீதியில் இருந்தது. வாலில் சயனோஜன் என்ற நச்சு வாயு இருப்பதாக விஞ்ஞானிகள் கண்டறிந்திருந்தனர். பூமி அந்த வாலுக்குள் புகுந்து வெளியேறும்போது உயிரினங்கள் மடியும் என்று பிரெஞ்சு வானியலாளர் கமீல் பிளமாரியோனின் பெயரைச் சொல்லிப் பத்திரிகைகள் பரப்பின. வானியலோடு புனைகதையும் எழுதியவர் பிளமாரியோன். 25-ஆம் நூற்றாண்டில் வால்நட்சத்திரம் ஒன்று பூமியோடு மோதுவதை வைத்து 1890-களிலேயே ஒரு நாவல் எழுதியிருந்தார். நச்சுக்கு மாற்று என்று சொல்லி மாத்திரை விற்றவர்களும் உண்டு.

பாரதி பயப்படவில்லை. கிழக்கே வெள்ளிக்குத் துணையாக நின்ற அந்தச் சுடரைக் கண்டதும், சின்னஞ்சிறு மீனின் மேல் எழும்பிய நெடுவாலுக்குத் தினையையும் பனையையும் உவமை சொன்னார். அடுத்த வரிகளிலேயே அறிவியலுக்குப் போய்விட்டார்: வால் எண்ணில்லாத பல கோடி யோசனை நீளம் என்று. வால் மெல்லிய வாயுவால் ஆனது, உரசிப் போனாலும் ஏழைக்கும் இடர் செய்யாது என்று அறிஞர்கள் சொல்வதை எடுத்துச் சொன்னார். அப்படியேதான் நடந்தது. பூமி வாலைக் கடந்தது, ஒரு தீங்கும் இல்லை.

கவிதை அதோடு நின்றிருந்தால் நல்ல அறிவியல் பாட்டாகப் போயிருக்கும். பாரதி அங்கிருந்து திரும்புகிறார். நம்மவர் தம் நூல்களை மறந்து பல நூறு ஆண்டுகள் ஆகிவிட்டன, உன் இயல்பைக்கூட அந்நியர் சொல்லக் கேட்டுத்தான் அறிந்தோம், தெளிந்தவர் நம்மிடையே இல்லை என்று அந்த வால்நட்சத்திரத்திடமே வருந்துகிறார். அறிவை இரவல் வாங்குவதும் அடிமைத்தனத்தின் ஒரு முகம் என்று அவருக்குப் பட்டிருக்கிறது. தமிழில் அறிவியல் கற்பனை, விடுதலை அரசியலோடு இரட்டைப் பிள்ளையாகவே பிறந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

அதே 1910-இல் நூலாக வந்த அவருடைய ‘ஞானரதம்’, மனத்தையே தேராக்கிக் கந்தர்வலோகம், சத்தியலோகம் என்று பயணம் போகும் உரைநடைக் கதை. அதை அறிவியல் புனைகதை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் இருக்கிற உலகத்துக்கு மாற்றாக இன்னொன்றைப் படைத்துக் காட்டும் வேலையை அது செய்தது. பாரத தேசத்தைப் பற்றிய பாட்டிலோ அவர் கருவிகளுக்கே வந்துவிடுகிறார். காசிப் புலவரின் பேச்சைக் காஞ்சியில் கேட்க ஒரு கருவி வேண்டும், சந்திர மண்டலத்தின் இயல்பு தெரிய வேண்டும் என்கிறார். சென்னையில் வானொலிக் கழகம் ஒலிபரப்பைத் தொடங்கியது 1924-இல். பாரதி 1921-இலேயே மறைந்துவிட்டார்.

அறிவியல் கற்பனையும் அரசியலும் இப்படிக் கைகோத்தது தமிழில் மட்டுமல்ல. பிரான்சின் கதையும் இதேதான். 1871-இல் ஜெர்மானியரிடம் தோற்று அல்சாஸ், லொரேன் பகுதிகளை இழந்த நாடு அது. எட்டே ஆண்டில் ஜூல்ஸ் வெர்னின் ‘பேகத்தின் ஐம்பது கோடி’ நாவல் வந்தது. இந்திய பேகம் ஒருவரின் சொத்து ஒரு பிரெஞ்சு மருத்துவருக்கும் ஒரு ஜெர்மானியப் பேராசிரியருக்கும் பங்காகிறது. மருத்துவர் சுகாதார நகரம் கட்டுகிறார். மற்றவர் எஃகு நகரம் எழுப்பி, மூச்சை அடைத்துக் கொல்லும் வாயு நிரப்பிய பீரங்கிக் குண்டு செய்கிறார். முதல் உலகப்போரில் நச்சு வாயு வீசப்பட்டதற்கு முப்பது ஆண்டுக்கு மேல் முந்தைய கற்பனை இது.

வெர்னின் கடலடிக் கப்பல் தலைவன் நீமோவை நம் வாசகர்கள் பலருக்குத் தெரியும். அவனை ரஷ்யர் மீது வஞ்சம் தீர்க்கும் போலந்துக்காரனாகத்தான் வெர்ன் முதலில் நினைத்திருந்தார். பதிப்பாளர் எத்ஸெல் ஒப்புக்கொள்ளவில்லை. பிறகு வந்த ‘மர்மத் தீவு’ நாவலில் அவன் புந்தேல்கண்ட் இளவரசன் தக்கார் ஆனான். திப்பு சுல்தானின் உறவினன், 1857 கிளர்ச்சியில் வாள் ஏந்தியவன். நீமோ முதலில் தோன்றிய நாவலிலேயே நமக்கு நெருக்கமான காட்சி ஒன்று உண்டு. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிக்கும் ஏழை ஒருவனைச் சுறாவிடமிருந்து நீமோ காப்பாற்றி, அவன் கையில் ஒரு பை முத்தைக் கொடுக்கிறான். ஒடுக்கப்பட்ட நாட்டு மக்களில் தானும் ஒருவன் என்று காரணமும் சொல்கிறான். தமிழ்க் கடலோடிகள் காலங்காலமாக மூழ்கி எழுந்த கடல் அது.

தமிழில் அறிவியல் கற்பனைக்கும் அரசியலுக்கும் உள்ள இந்த உறவு விடுதலைக்குப் பிறகும் அறுபடவில்லை. 1980-களில் எழுத்தாளர் சுஜாதா ‘என் இனிய இயந்திரா’ நாவலை எழுதினார். அதில் குழந்தை பெறவும் அரசு அனுமதி வேண்டும், பெயருக்கு இரண்டெழுத்துதான் அளவு, மேலே ஜீவா என்ற ஒற்றைத் தலைவன். 1975 நெருக்கடி நிலையையும் கட்டாயக் குடும்பக் கட்டுப்பாட்டையும் கண்ட வாசகருக்கு அது வெறும் எதிர்காலக் கதையாகத் தோன்றியிருக்காது. அதில் வரும் ஜீனோ என்ற இயந்திர நாயை நினைவில் வைத்திருப்பவர்கள் அந்த ஆட்சியையும் சேர்த்து நினைவில் வைக்க வேண்டும்.

நம் பள்ளிகளில் பாரதி தமிழ் வகுப்பில் இருக்கிறார், ஹாலி அறிவியல் வகுப்பில் இருக்கிறது. இருவரும் சந்திப்பதில்லை. புதுச்சேரி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். தூமகேதுக் கவிதையை ஒருநாள் அறிவியல் பாடவேளையில் வாசியுங்கள். முடிந்தால் பிள்ளைகளை விடியற்காலையில் குருசுக்குப்பம் கரைக்கு அழைத்துப் போய், கிழக்கே கைகாட்டி வாசியுங்கள். 1986-இல் வந்துபோன ஹாலி, 2061 ஜூலையில் மறுபடி சூரியனை நெருங்கும். இன்று பள்ளி செல்லும் குழந்தைகள் அதைப் பார்ப்பார்கள்.