பழவேற்காட்டிலிருந்து மரக்காணம் வரை

சென்னையில் பறக்கும் ரயிலில் ஏறி, ஜன்னலோரமாக அமர்ந்து, மயிலாப்பூரைத் தாண்டும்போது சற்றுக் கீழே நோக்குகிறவர், இருபுறமும் சுவர்கள் நெருக்க, நடுவே கான்கிரீட் தூண்கள் ஊன்றி நிற்க, கறுத்து அசைவற்றுத் தேங்கியிருக்கும் ஒரு நீர்ப்பரப்பைக் காண்பார். அதைச் சாக்கடை என்று எண்ணி முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவரைக் குறை சொல்ல இயலாது. இன்று அது சாக்கடையாகத்தான் இருக்கிறது. ஆயினும், பல பத்தாண்டுகள் அந்த நீரின் மீதுதான் சென்னைப் பட்டணத்து அடுப்புகளுக்கு விறகு வந்தது. உப்பும் நெல்லும் புகையிலையும் மீனும் வந்தன. மாமல்லபுரத்துச் சிற்பங்களைக் காண விரும்பிய யாத்திரிகர்கள் மாலையில் படகேறி, கரையோரமாகக் கயிறு பிடித்து இழுப்பவர்களின் காலடி ஓசையைக் கேட்டபடியே உறங்கி, விடியற்காலையில் அங்கே சென்று இறங்கினார்கள். பாரதிதாசன் தம் நண்பர்களுடன் அவ்வாறு சென்ற பிரயாணத்தைப் பொருளாகக் கொண்டே ‘மாவலிபுரச் செலவு’ என்னும் கவிதையை இயற்றினார். அந்த நீர்ப்பரப்பின் பெயர் பக்கிங்காம் கால்வாய்.

ஆந்திர தேசத்தில் பெத்தகஞ்சாமில் தொடங்கித் தமிழ்நாட்டில் மரக்காணத்தில் முடியும் இக்கால்வாயின் நீளம் ஏறத்தாழ 420 கிலோமீட்டர். அதில் 257 கிலோமீட்டர் ஆந்திரத்திலும் 163 கிலோமீட்டர் நம் மாநிலத்திலும் உள்ளன. வடக்கே கிருஷ்ணா, கோதாவரி டெல்டாக்களின் கால்வாய்களோடு இது இணைந்திருந்தமையால், காக்கிநாடாவில் புறப்பட்ட தோணி ஒன்று கடலுக்குள் இறங்காமலே சென்னைக்கு வந்து சேர்வது அக்காலத்தில் சாத்தியமாயிருந்தது.

இக்கால்வாய் எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிந்துகொண்டால்தான், அதை எவ்வாறு காப்பது என்பதும் விளங்கும். சோழமண்டலக் கடற்கரையில் கடலை ஒட்டி ஒரு மணல்மேடு நீண்டு கிடக்கிறது. அதற்கு மேற்கே நிலம் தாழ்ந்து, உப்பங்கழிகளும் சதுப்புகளும் ஏரிகளுமாக விரிகிறது. மேற்கிலிருந்து வரும் ஆறுகள் அந்த மேட்டைக் கிழித்துக்கொண்டு ஆங்காங்கே கடலில் கலக்கின்றன. இயற்கையாகவே இருந்த அந்தக் கழிகளை ஒன்றோடொன்று கோத்து, இடையிலிருந்த திடலை மட்டும் வெட்டி, ஒரே நீர்வழியாக ஆக்கியதே இக்கால்வாய். ஆகையால் இதற்கு ஊற்றும் இல்லை. ஆற்றைப் போல ஒரு திசையில் ஓடும் ஓட்டமும் இல்லை. நாள்தோறும் இருமுறை கடல் ஏறும்போது முகத்துவாரங்களின் வழியே உப்புநீர் உள்ளே புகுந்து வடக்கிலும் தெற்கிலும் பரவுகிறது. கடல் வற்றும்போது அதே வழியில் திரும்புகிறது. வற்றும் நேரத்திலும் தோணி மிதப்பதற்கு வேண்டிய நீரைத் தேக்கி வைக்கவும், ஆற்று வெள்ளத்தின் வண்டல் உள்ளே ஏறாமல் தடுக்கவும், ஆறுகளைக் கடக்கும் இடங்களில் மதகுப் பூட்டுகள் அமைத்தார்கள். அவற்றை ஜனங்கள் ‘லாக்கு’ என்றே வழங்கினார்கள். சேப்பாக்கத்துப் பக்கம் லாக் நகர் என்றொரு குடியிருப்பு இன்றும் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது.

முகத்துவாரம் ஒன்று மணலால் அடைபட்டுவிட்டால் அந்தப் பக்கத்துக் கால்வாயின் சுவாசமே நின்றுவிடும் என்பதும், சதுப்பு ஒன்றைத் தூர்த்துவிட்டால் மழைக்காலத்தில் அங்கே தங்க வேண்டிய வெள்ளம் கால்வாயில் பாய்ந்து கரையை உடைக்கும் என்பதும் இதனால் விளங்கும். கால்வாய் வேறு, ஏரி வேறு, முகத்துவாரம் வேறு என்று பிரித்துப் பேசுவது நம்முடைய காகிதங்களில்தான் நடக்கிறது. நீருக்கு அந்தப் பேதம் தெரியாது.

சரித்திரத்தைச் சிறிது பார்ப்போம். பேசில் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்து வர்த்தகரின் முயற்சியால் 1806-இல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை உப்புநீர்க் கால்வாய் ஒன்று வெட்டி முடிக்கப்பட்டது. நெடுங்காலம் அது காக்ரேன் கால்வாய் என்றே வழங்கியது. 1837-இல் அரசாங்கம் அதைத் தன் வசம் எடுத்துக்கொண்டு, பழவேற்காட்டுக்கும் அதற்கு அப்பாலும் படிப்படியாக நீட்டியது. ஆனால் பட்டணத்தின் நடுவே, கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையில், ஏறத்தாழ 8 கிலோமீட்டர் தூரத்துக்கு இணைப்பு இல்லாமலே இருந்தது. வடக்குக் கால்வாயில் வந்த சரக்கு, அடையாற்றுக்குத் தெற்கே வெட்டப்பட்டிருந்த கால்வாய்க்குப் படகிலேயே போக வழியில்லை.

அந்த இணைப்பு உண்டான விதத்தை நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்தின்போது, பிழைக்க வழிதேடிக் கிராமங்களை விட்டுப் பட்டணத்துக்கு வந்து குவிந்த ஜனங்களுக்குப் பஞ்ச நிவாரண வேலையாகக் கொடுக்கப்பட்டதே அந்த 8 கிலோமீட்டர் மண் வெட்டும் வேலை. பஞ்சகால வேலைத்தலங்களில் ஒரு சமயம் நாள் முழுவதும் உழைக்கும் ஆண்மகனுக்கு நிர்ணயிக்கப்பட்ட கூலி, ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவுமே. வயிறு ஒட்டி, எலும்பு தெரிய, கூடையில் மண்ணைச் சுமந்து கரையேற்றிய அந்த ஆடவர் பெண்டிரின் பெயர்களைச் சரித்திரம் குறித்து வைக்கவில்லை. வேலை முடிந்து 1878-இல் கால்வாய்க்குச் சூட்டப்பட்ட பெயர், அப்போது கவர்னராயிருந்த பக்கிங்காம் பிரபுவினுடையது. பறக்கும் ரயிலின் தூண்கள் இன்று ஊன்றி நிற்பது பெரும்பாலும் அந்தப் பஞ்சத்து ஜனங்கள் வெட்டிய பகுதியிலேதான். அவர்களுக்கு ஏதேனும் ஒரு ஞாபகச் சின்னம் உண்டென்றால் அது அந்தக் கால்வாய்தான். அதன் மார்பில்தான் தூண் நட்டோம். நகரத்துக்கு ரயில் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. நிலம் வாங்கும் செலவு மிச்சமாகும் என்ற சௌகரியத்துக்காக நீர்வழி ஒன்றைப் பலியிட்டது பிழை என்றே கருதுகிறேன்.

ரயிலும் லாரியும் பெருகப் பெருகப் படகுகள் குறைந்தன. 1965-லும் 1966-லும் அடித்த புயல்கள் கால்வாயை மிகவும் சிதைத்தன. பிறகு மண் அள்ளுவாரில்லை, மதகுகள் துருப்பிடித்தன, நகரத்தின் கழிவுநீர் வந்து நிறைந்தது. படகுத்தொழில் அவ்வாறு மறைந்தாலும், அது விட்டுச்சென்ற சுவடுகள் அழியவில்லை. மயிலாப்பூரில் தண்ணீர்த்துறை மார்க்கெட் என்ற பெயர், கறிகாய்கள் படகில் வந்து இறங்கிய துறையை நினைவூட்டுகிறது. சென்ட்ரலுக்குப் பக்கத்தில் ‘சால்ட் கொட்டார்ஸ்’ என்று ரயில்வேயார் எழுதிவைத்திருக்கும் இடம், உப்பு குவித்து வைத்த கொட்டாரமேயன்றி வேறல்ல.

இனி, நகரத்தை விட்டு வெளியே வந்தால் கால்வாயின் உண்மையான சொரூபத்தைக் காணலாம். தமிழ்நாட்டுப் பகுதியின் வடகோடியில் பழவேற்காடு ஏரி கடலென விரிந்து கிடக்கிறது. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சிலிகாவுக்கு அடுத்தபடியாகப் பெரியது அது. மழைக்காலம் கழிந்ததும் ஆயிரக்கணக்கான பூநாரைகள் அங்கே வந்து, ஆழமில்லாத நீரில் அலகைக் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருக்கும். எந்தக் குடும்பம் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடலாம் என்பதை ‘பாடு’ என்ற முறையால் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் மீனவ சமூகங்கள் அதன் கரையில் வாழ்கின்றன. 1613-இல் டச்சுக்காரர் எழுப்பிய ஜெல்திரியா கோட்டையின் இடிபாடும், மண்டை ஓடும் எலும்புக்கூடும் செதுக்கிய கற்களோடு கூடிய அவர்களுடைய கல்லறைத் தோட்டமும் அங்கேயே உள்ளன.

தெற்கே வந்தால் எண்ணூர்க் கழிமுகம். அலையாத்திச் செடிகள் நின்ற அந்தச் சேற்றில் அனல் மின்நிலையத்துச் சாம்பல் படிந்திருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளம் வந்தபோது, மணலித் தொழிற்பேட்டையிலிருந்து கசிந்த எண்ணெய் இந்தக் கால்வாயின் வழியாகவே கொசஸ்தலை ஆற்றில் இறங்கிக் கழிமுகம் முழுவதும் பரவியது. வலையும் படகும் எண்ணெய்ப் பிசுக்கு ஏறி வீணாகிவிட, மீனவர்கள் கையாலேயே அந்த எண்ணெயை வாரி எடுத்த காட்சியைத் தமிழ்நாடு முழுவதும் கண்டது. முன்னோர் சரக்கு ஏற்றி வர வெட்டிய வழி, விஷத்தை ஏற்றிச் செல்லும் வழியாயிற்று.

அடையாற்றைத் தாண்டினால் பள்ளிக்கரணைச் சதுப்பு. ஒரு காலத்தில் பல ஆயிரம் ஏக்கர் பரந்திருந்த அது குடியிருப்புகளாலும் அலுவலகங்களாலும் குப்பை மேட்டாலும் சுருங்கி, எஞ்சிய 1,247 ஹெக்டேரே 2022-இல் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அங்கீகரிக்கப்பட்டது. அங்கே நிறையும் வெள்ளம் ஒக்கியம் மடுவு வழியாகக் கால்வாயில் இறங்கி, தெற்கு நோக்கிச் சென்று, முட்டுக்காட்டுக்கருகே கோவளம் முகத்துவாரத்தில் கடலைச் சேர்கிறது. கால்வாய்க் கரையில் குடிசை போட்டிருந்த ஏழைகளை ஆக்கிரமிப்பாளர் என்று அப்புறப்படுத்தி, இந்தச் சதுப்பின் விளிம்பிலேயே அடுக்குமாடிகள் கட்டி, அங்கே கொண்டுபோய் வைத்தோம். கரையைக் காக்கும் பெயரால் செய்த காரியம், அந்த ஜனங்களை மறுபடியும் வெள்ளத்தின் வழியிலேயே நிறுத்தியது. இதனினும் பெரிய அவிவேகம் வேறில்லை.

கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் பழைய மாமல்லபுரம் சாலைக்கும் நடுவே கால்வாய் மேலும் தெற்கே போகிறது. கேளம்பாக்கத்து உப்பளங்கள், மாமல்லபுரம், டச்சுக் கோட்டை நிற்கும் சதுரங்கப்பட்டினம், கழியின் கரையில் செங்கல்லும் சுண்ணாம்புமாய்ச் சிதைந்து கிடக்கும் ஆலம்பரைக் கோட்டை ஆகிய யாவும் இதன் பக்கத்தில் வரிசையாக வருகின்றன. முடிவில் மரக்காணத்து உப்பளங்களும், அவற்றுக்கருகே கழுவேலியும். தென்னிந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரிகளுள் ஒன்றாகிய கழுவேலி, 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இரண்டு பெரிய ஏரிகளை இரு முனைகளிலும் தாங்கி, நடுவே சதுப்புகளையும் கோட்டைகளையும் உப்பளங்களையும் மீனவக் குப்பங்களையும் கோத்து நிற்கும் இப்படிப்பட்ட நீர்வழியை வெறும் வடிகால் என்று கணக்கெழுதுவது எவ்வளவு அநியாயம்!

2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது, மணல்மேட்டைத் தாண்டிய நீரைப் பல இடங்களில் இந்தக் கால்வாய் தன்னுள் வாங்கிக்கொண்டு, மேற்கே ஊர்களுக்குள் பாயாமல் தடுத்தது என்று அதை ஆராய்ந்தோர் எழுதியிருக்கிறார்கள். நாம் கைவிட்ட பிறகும் அது நமக்கு உதவிற்று.

இத்தகைய நீர்வழியை எவ்வாறு காப்பது என்பதை அறிய, அமெரிக்காவில் சிகாகோவிலிருந்து செல்லும் இல்லினாய்–மிச்சிகன் கால்வாயின் கதை நமக்குப் பயன்படும். 1848-இல் திறக்கப்பட்டு, ரயிலோடு போட்டியிட முடியாமல் நலிந்து, 1933-இல் கைவிடப்பட்ட அக்கால்வாயை 1984-இல் அந்நாட்டு அரசாங்கம் தேசிய பாரம்பரியப் பிரதேசமாக அறிவித்தது. அவ்வகையில் அந்நாட்டில் அதுவே முதலாவது. நிலத்தையெல்லாம் வாங்கி வேலி போட்டு ஜனங்களை வெளியேற்றவில்லை. கால்வாயையும், அதன் கரை ஊர்களையும், பூட்டுகளையும், பழைய ஆலைகளையும், புல்வெளிகளையும் சதுப்புகளையும் ஒரே பிரதேசமாகக் கருதி, மாகாணமும் ஊராட்சிகளும் தொழில் நடத்துவோரும் கூடி ஒரே திட்டத்தில் நிர்வகிப்பது என்பதே அந்த ஏற்பாடு.

நம்மிடம் அந்த ஒருமை இல்லை. கால்வாய் நீர்வளத் துறையிடம். சதுப்பும் சரணாலயமும் வனத்துறையிடம். கோட்டைகள் தொல்லியல் துறைகளிடம். கழிவுநீர் குடிநீர் வாரியத்திடமும் உள்ளாட்சிகளிடமும். 2008-இல் காக்கிநாடா–புதுச்சேரிக் கால்வாய்களையும் கிருஷ்ணா, கோதாவரி நதிகளின் பகுதிகளையும் சேர்த்து 1,078 கிலோமீட்டர் நீளத்துக்குத் தேசிய நீர்வழி 4 என்று மத்திய அரசு அறிவித்தமையால், படகுப் போக்குவரத்து இன்னொரு கையில். கால்வாயில் மறுபடியும் படகு ஓடுவது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் பெருங்கப்பல் போவதற்கென்று ஆழத் தோண்டி, இருகரையும் கான்கிரீட் பூசிவிட்டால், சேற்றில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்களுக்கும், கரையோரப் புல்லில் கூடு கட்டும் பறவைகளுக்கும் அங்கே இடமிராது. சிறு படகுகள் போதும். மண் கரையே போதும்.

பெரிய தொகை கேட்கும் திட்டங்களுக்கு முன்னால் செய்யத்தக்க காரியம் ஒன்று உண்டு. பழவேற்காட்டிலிருந்து மரக்காணம் வரையிலுள்ள 163 கிலோமீட்டரையும் பழைய நில அளவைப் படங்களின்படி அளந்து, கால்வாய்க்கும் அதனோடு சேர்ந்த கழிகளுக்கும் சதுப்புகளுக்கும் எல்லைக்கல் நட்டு, அந்தப் படத்தைக் கரையோர ஊராட்சி ஒவ்வொன்றின் சுவரிலும் ஜனங்கள் காணும்படி எழுதி வைக்கவேண்டும். மழைநீர் இறங்கும் வழிகளில் வந்து சேரும் கழிவுநீர்க் குழாய்கள் எவை என்பதையும் அதிலேயே குறிக்கவேண்டும். கரை ஊர்களில் வாழும் அன்பர்கள் தத்தம் கிராமசபைக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக எழுதிக் கொடுக்குமாறு வேண்டிக்கொள்கிறேன்.