வீணாகும் தேங்காய்த் தண்ணீரில் வினிகர்

கொப்பரைக் களங்களில் தேங்காய் உடைக்கும்போது தண்ணீர் பெரும்பாலும் தரையில்தான் கொட்டப்படுகிறது. தேங்கினால் புளித்து நாற்றம் வீசும், ஈ மொய்க்கும். அந்தப் புளிப்பையே முறைப்படுத்தினால் வினிகர் கிடைக்கும். ஊறுகாய், சாஸ் போன்றவை கெடாமலிருக்கவும் அவற்றின் புளிப்பைச் சீராக வைக்கவும் இது உதவுகிறது. இதிலுள்ள அசெட்டிக் அமிலமே அழுகச் செய்யும் நுண்ணுயிர்களைத் தடுக்கிறது.

செய்முறை

முற்றிய காயின் தண்ணீரில் இனிப்பு குறைவு. அப்படியே புளிக்கவிட்டால் வினிகர் வலுவாக இராது. எனவே சுத்தமாகப் பிடித்த தண்ணீரை உடனே வடிகட்டி, 10 லிட்டருக்கு 800 கிராம் சர்க்கரை சேர்த்து, ஒரு கொதி வந்ததும் இறக்க வேண்டும். நன்கு ஆறியபின் ரொட்டி செய்யும் ஈஸ்ட் 10 கிராம் கலக்கவும். வாயு வெளியேற வேண்டுமாதலால் பாத்திரத்தை இறுக மூடக்கூடாது. 5 முதல் 7 நாட்களில் நுரை அடங்கும்.

பின்னர் தெளிவை மட்டும் இறுத்து, சூடாக்காத பழைய வினிகர் 2 லிட்டர் சேர்க்க வேண்டும். இதுவே 'தாய் வினிகர்'. சூடாக்கி அடைத்த கடை வினிகர் இதற்கு உதவாது. வாயகன்ற பீங்கான் ஜாடியில் ஊற்றி, மெல்லிய துணியால் வேடுகட்டி நிழலில் வைக்கவும். காற்றுப்பட்டால்தான் அமிலம் உண்டாகும். மேலே படியும் ஆடையைக் கலைக்கக்கூடாது. சுமார் ஒரு மாதத்தில் நன்கு புளிப்பேறும். இரும்பு, செம்பு, பித்தளை, அலுமினியப் பாத்திரங்களை அமிலம் அரிக்கும், அவற்றைத் தவிர்க்கவும்.

வலுவே முக்கியம்

விற்கும் வினிகரில் 100 மில்லிக்குக் குறைந்தது 3.75 கிராம் அமிலம் இருக்க வேண்டும் என்பது உணவுச் சட்டம். வலு குறைந்தால் ஊறுகாய் கெடும். நாக்கில் வைத்து இதை அறிய முடியாது. ஆய்வகத்தில் சோதிக்க வேண்டும். தயாரான வினிகரை வடிகட்டி, 65 முதல் 70 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, பாட்டில் நிறைய ஊற்றி இறுக மூடவும். திறந்து வைத்தால் அதே நுண்ணுயிர்கள் அமிலத்தையும் தின்று வலுவைக் குறைத்துவிடும்.

கடையில் கிடைக்கும் அடர் அசெட்டிக் அமிலத்தைக் கலந்து வலு கூட்டக்கூடாது. அது தோலைப் புண்ணாக்கும். அமிலத்தில் நீர் கலந்து செய்வது செயற்கை வினிகர். சீட்டில் அப்படியே அச்சிட வேண்டும்.

விற்பனைக்கு உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவோ உரிமமோ அவசியம். இடையில் சாராயச் சத்து உண்டாவதால், மதுவிலக்கு ஆயத்தீர்வை அலுவலகத்திலும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது. முதலில் 10 லிட்டரில் செய்து, சோதித்து, வாங்குவோரை உறுதி செய்துகொண்டபின் பெருக்குவதே சிறு விவசாயிக்கு ஏற்றது.