புகைப்படக்கலையைக் கற்க எந்த வழி ஏற்றது?

தீபாவளிக்கு முந்திய வாரங்களில் சிராங்கூன் சாலையின் ஒளியூட்டைப் பார்க்கச் சென்றிருப்பீர்கள். அங்கே விளக்கு வளைவுகளின் கீழே பலர் திறன்பேசியை உயர்த்திப் பிடித்துப் படமெடுத்துக்கொண்டிருப்பர். வீடு திரும்பிப் பார்க்கும்போது, சில படங்களில் விளக்குகள் வெறும் வெள்ளைத் திட்டுகளாகத் தெரியும். சிலவற்றில் முகங்கள் இருண்டிருக்கும். வேறு சிலவற்றில் எல்லாமே கலங்கியிருக்கும். முறையாகப் படமெடுக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் பலருக்கு அப்போதுதான் பிறக்கிறது.

அந்த எண்ணத்தோடு ஒரு குழப்பமும் வருகிறது. இணையத்தில் காணொளிகள் கொட்டிக் கிடக்கின்றன. நூலகத்தில் நூல்கள் இருக்கின்றன. சமூக மன்றங்களும் தனியார் நிலையங்களும் கட்டண வகுப்புகளை நடத்துகின்றன. சில பள்ளிகளில் புகைப்படக்கலை இணைப்பாட நடவடிக்கையாகவும் உள்ளது. இவற்றுள் எதைத் தேர்ந்தெடுப்பது? அரசாங்கத்தின் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகை 25 வயதை எட்டிய குடிமக்களுக்கே கிடைக்கும். ஆகவே, மாணவர் ஒருவர் கட்டண வகுப்பில் சேர்ந்தால், செலவு பெற்றோரைச் சேரும். எந்த வழி எதைக் கற்றுத்தரும் என்பதை அறிந்த பிறகு முடிவெடுத்தால், பணமும் நேரமும் வீணாகா.

கற்க வேண்டியவை மூன்று

தொடக்கநிலையில் கற்க வேண்டியவற்றை மூன்றாகப் பிரிக்கலாம். முதலாவது, கருவியைக் கையாளுதல். இரண்டாவது, எதைப் படத்தில் சேர்ப்பது, எதை விடுவது என்று பார்க்கும் பார்வை. மூன்றாவது, படத்தில் இடம்பெறும் மனிதர்களிடம் நடந்துகொள்ளும் முறை. இம்மூன்றையும் ஒரே வழியில் கற்க இயலாது.

கருவியைக் கையாளுதல் என்பது பெரும்பாலும் ஒளியின் அளவைக் கட்டுப்படுத்துவதுதான். அதற்கு மூன்று அமைப்புகள் உள்ளன. ஒளி உள்ளே நுழையும் துளையின் அளவு, முதல் அமைப்பு. இது எஃப் 2.8, எஃப் 16 போன்ற எண்களால் குறிக்கப்படும். எண் கூடக் கூடத் துளை சிறிதாகும். ஒளி உள்ளே விழும் நேரத்தை முடிவு செய்யும் ஷட்டர் வேகம், இரண்டாம் அமைப்பு. ஷட்டர் வேகத்தை 1/125 விநாடியிலிருந்து 1/60 விநாடிக்கு மாற்றினால், ஏறத்தாழ இரு மடங்கு ஒளி உள்ளே வரும். மூன்றாவது ஐஎஸ்ஓ. இதன் எண்ணை 100லிருந்து 3200க்கு உயர்த்தினால், இருளில் எடுத்த படமும் வெளிச்சமாகத் தெரியும். ஆனால், படத்தில் மணல் தூவியதுபோல் புள்ளிகள் தோன்றும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். தேக்கா நிலையத்திற்கு அருகில், பஃப்பலோ ரோட்டில் உள்ள பூக்கடை ஒன்றில் ஒருவர் மாலை கட்டிக்கொண்டிருக்கிறார். 1/30 விநாடியில் எடுத்தால், வேகமாக அசையும் அவருடைய விரல்கள் கலங்கித் தெரியும். 1/500 விநாடியில் எடுத்தால், விரல்களும் நாரும் அசையாமல் நிற்பதுபோல் தெளிவாகத் தெரியும். இவற்றுள் எது சரியான படம்? அவருடைய வேகத்தைக் காட்ட விரும்பினால், முதல் படம் பொருந்தும். அவருடைய கைத்திறனின் நுணுக்கத்தைக் காட்ட விரும்பினால், இரண்டாம் படம் பொருந்தும். இவ்வாறு, கருவியைப் பற்றிய அறிவும் பார்வையும் ஒன்றுசேரும்போதுதான் நல்ல படம் கிடைக்கிறது.

இதைப் பழகிப் பார்க்க விலை உயர்ந்த கேமரா தேவையில்லை. பெரும்பாலான திறன்பேசிகளில் துளையின் அளவை மாற்ற முடியாது. ஆனால், ஷட்டர் வேகத்தையும் ஐஎஸ்ஓவையும் நாமே மாற்றுவதற்குரிய வசதி பலவற்றில் உண்டு. இல்லையென்றால், அதற்கான செயலியைப் பதிவிறக்கம் செய்யலாம். மேலும், படம் எடுக்கப்பட்டபோது இருந்த அமைப்புகள் படத்துடனேயே பதிவாகின்றன. படத்தின் விவரங்களைத் திறந்து, கலங்கிய படம் எந்த வேகத்தில் எடுக்கப்பட்டது என்று பார்ப்பதே ஒரு நல்ல பாடம்.

நான்கு வழிகள்

நூல்கள் பாடத்தை அடிப்படையிலிருந்து வரிசையாகச் சொல்கின்றன. பொது நூலகங்களில் 770 என்ற எண்ணில் தொடங்கும் அடுக்குகளில் புகைப்படக்கலை நூல்கள் இருக்கும். ஒளி, துளை, வேகம் ஆகியவற்றின் தொடர்பைப் புரிந்துகொள்ள ஒரு நல்ல நூல் போதும். ஆனால், எந்த நூலும் நீங்கள் எடுத்த படத்தைப் பார்த்துக் கருத்துக் கூறாது.

செய்முறையைக் கண்ணால் பார்க்கக் காணொளிகள் உதவும். இரவில் விளக்குகளை எப்படிப் படமெடுப்பது என்பது போன்ற குறிப்பிட்ட கேள்விக்கு அவற்றில் விரைவாக விடை கிடைக்கும். ஆனால், அவற்றுக்கு வரிசை கிடையாது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருந்தால், பத்துக் காணொளிகள் பார்த்த பிறகும் ஒரு படம்கூட எடுத்திருக்க மாட்டோம். மேலும், பல காணொளிகள் புதிய கருவிகளை வாங்கத் தூண்டுபவை.

வகுப்பில் ஆசிரியர் இருப்பார், கேள்வி கேட்கலாம். மிடில் ரோட்டில் உள்ள அப்ஜெக்டிஃப்ஸ் நிலையம் 2003ஆம் ஆண்டிலிருந்து புகைப்படத்திற்கும் திரைப்படத்திற்கும் உரிய இடமாக இயங்கி வருகிறது. அங்கு வகுப்புகளும் கண்காட்சிகளும் நடைபெறுகின்றன. எந்த வகுப்பில் சேர்வதாக இருந்தாலும், கட்டணம் செலுத்துமுன் சிலவற்றைக் கேட்டறிவது நல்லது. ஒரு வகுப்பில் எத்தனை பேர்? வெளியே சென்று படமெடுக்கும் பயிற்சி உண்டா? மாணவர்கள் எடுத்த படங்களை ஆசிரியர் ஒவ்வொன்றாகப் பார்த்துக் கருத்துச் சொல்வாரா? திறன்பேசி போதுமா? இவற்றுக்குத் தெளிவான பதில் கிடைக்காவிட்டால், அந்த வகுப்புக்காகப் பணம் செலவழிக்க அவசரப்பட வேண்டாம்.

நான்காவது வழி, மன்றமும் இணைப்பாட நடவடிக்கையும் ஆகும். இங்கே பாடம் மெதுவாகவே நகரும். ஆனால், நண்பர்களோடு நீண்ட காலம் பழகலாம். சிங்கப்பூர்ப் புகைப்படச் சங்கம் 1950இலேயே தொடங்கப்பட்டது. இத்தகைய அமைப்புகள் இவ்வளவு காலம் நிலைத்திருக்கக் காரணம், ஒருவர் படத்தை மற்றொருவர் பார்க்க வேண்டும் என்ற தேவைதான். புகைப்படக்கலையைத் தொழிலாகக் கொள்ளாதவர்களும் இதில் உயர்ந்திருக்கிறார்கள். யிப் சியோங் ஃபன் (1903-1989) என்பவர் பொறியியல் நிறுவனம் ஒன்றில் பணியாற்றியபடியே, ஓய்வு நேரத்தில் சிங்கப்பூரின் கடலையும் மக்களையும் படமெடுத்தார். அவருக்கு 1984ஆம் ஆண்டில் கலாசாரப் பதக்கம் வழங்கப்பட்டது.

படத்தைப் பார்க்க ஒருவர் வேண்டும்

மின்னிலக்கக் கேமராவின் தொடக்கம் மிக எளியது. கோடாக் நிறுவனத்தின் பொறியாளர் ஸ்டீவன் சாசன் 1975ஆம் ஆண்டில் உருவாக்கிய மின்னிலக்கக் கேமரா, ஒரு படத்தைப் பதிவு செய்ய 23 விநாடி எடுத்துக்கொண்டது. இன்று ஒரு விநாடியிலேயே பல படங்களை எடுக்கிறோம். படச்சுருள் காலத்தில் ஒரு சுருளில் பெரும்பாலும் 36 படங்களே எடுக்க முடியும். ஒவ்வொரு படத்திற்கும் செலவு உண்டு. எனவே, யோசித்து எடுத்தார்கள். இப்போது தவறு செய்தாலும் செலவில்லை. இது கற்பவருக்குப் பெரிய வசதி. ஆனால், ஒரே மாலையில் 200 படங்களை எடுத்துவிட்டு ஒன்றையும் திரும்பிப் பார்க்காமல் விட்டால், அடுத்த மாலையும் அதே தவறுகளையே செய்வோம்.

தொடக்கநிலையில் உள்ளவருக்குத் தகவல் குறைவதில்லை. தம் படத்தைப் பொறுமையாகப் பார்த்து, "பின்னணியில் இருக்கும் குப்பைத்தொட்டி கண்ணை இழுக்கிறது, இரண்டடி இடப்பக்கம் நின்றிருக்கலாமே" என்று சொல்லும் ஒருவர்தான் குறைகிறார். அவர் ஆசிரியராக இருக்கலாம். மன்றத்தின் மூத்த உறுப்பினராக இருக்கலாம். படம் எடுப்பதில் ஆர்வமுள்ள மாமாவாகவும் இருக்கலாம். எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும், அப்படி ஒருவர் கிடைப்பாரா என்பதை முதலில் பாருங்கள்.

அனுமதி கேட்பதும் ஒரு பாடம்

மனிதர்களைப் படமெடுக்கும் முறையும் இவ்வாறே பிறரிடமிருந்து கற்க வேண்டியது. லிட்டில் இந்தியாவில் இது மிகவும் முக்கியம். ஞாயிற்றுக்கிழமைகளில் வெளிநாட்டு ஊழியர்கள் பலர் அங்கே கூடுகிறார்கள். புல்வெளியில் அமர்ந்து உணவு உண்கிறார்கள். ஊரிலுள்ள குடும்பத்தாருடன் பேசுகிறார்கள். பலருக்கு அதுதான் வாரத்தின் ஒரே ஓய்வு நாள். அவர்களுக்குத் தெரியாமல் அருகில் சென்று படமெடுத்துச் சமூக ஊடகத்தில் வெளியிட்டால், படம் அழகாக இருக்கலாம். ஆனால், அவர்களுடைய ஓய்வும் மரியாதையும் குலைகின்றன.

இங்கே தமிழ் தெரிந்த மாணவருக்கு ஒரு வாய்ப்பு உண்டு. "அண்ணே, நீங்க மாலை கட்டுறதப் படம் எடுத்துக்கலாமா?" என்று கேட்டால், பெரும்பாலும் ஒரு பேச்சு தொடங்கும். எந்தப் பூ எங்கிருந்து வருகிறது, எத்தனை மணிக்குக் கடை திறக்கிறது என்பவற்றையெல்லாம் தெரிந்துகொள்ளலாம். அவர் வேண்டாம் என்று சொன்னால், நன்றி கூறி நகர வேண்டும். அனுமதி கிடைத்தால், எடுத்த படத்தை அவரிடம் காட்டுவது நல்ல பழக்கம்.

எப்படி முடிவு செய்வது?

முதல் மாதம் எதற்கும் பணம் செலுத்த வேண்டாம். நூலகத்திலிருந்து ஒரு நூலை எடுத்துப் படியுங்கள். வாரம் ஒரு முறை ஒரே இடத்திற்குச் செல்லுங்கள். கெர்பாவ் ரோட்டில் 1900ஆம் ஆண்டில் கட்டப்பட்ட, பல வண்ணங்கள் தீட்டப்பட்ட டான் டெங் நியா இல்லம் அதற்குப் பொருத்தமான இடம். அதைக் காலையிலும் நண்பகலிலும் மாலையிலும் எடுத்துப் பார்த்தால், ஒளி மாறும்போது அதே சுவரின் நிறம் எப்படி மாறுகிறது என்பது புரியும். ஒவ்வொரு முறையும் பத்துப் படங்களுக்கு மேல் எடுக்காதீர்கள். அவற்றுள் மூன்றைத் தேர்ந்தெடுத்து வேறொருவரிடம் காட்டுங்கள்.

மாத முடிவில் உங்களிடம் சில கேள்விகள் சேர்ந்திருக்கும். அவை கருவியைப் பற்றியவை என்றால், இன்னொரு நூலோ காணொளியோ விடை தரும். உங்கள் படங்களைப் பற்றியவை என்றால், வகுப்போ மன்றமோ உதவும். அக்கேள்விகளைத் தாளில் எழுதிப் பெற்றோரிடம் காட்டுங்கள். வகுப்பு தேவையா, எந்த வகுப்பு தேவை என்பதை அவர்களோடு சேர்ந்து முடிவு செய்யலாம்.