கதவு சாத்தும் தேதி

ரயில்வே சிக்னல் பிரிவில் முப்பத்தைந்து ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்று, பீன்யாவில் மகன் வீட்டில் இருக்கும் எனக்குக் கணிப்பொறி மென்பொருள் பற்றி எழுத என்ன தகுதி என்று வாசக அன்பர்கள் கேட்கலாம். தகுதி என்னுடையதல்ல, என் பேத்தியுடையது.

கல்லூரியில் படிக்கும் அவள், யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய திறந்த மூல மென்பொருள் ஒன்றில் ஓய்வு நேரத்தில் வேலை செய்கிறாள். சம்பளம் கிடையாது. தமிழ்ச் சொற்களை அகர வரிசையில் அடுக்கும் வசதி ஒன்றை எழுதி முடித்தாள். ஆனால் அதற்கு மூன்று நாள் முன்பே ‘ஃப்ரீஸ்’ அறிவித்துவிட்டார்கள். அதாவது, அந்தத் தேதிக்குப் பின் புதிய வசதி எதுவும் ஏற்கப்படாது. பிழை திருத்தம் மட்டும்தான்.

“மூணே நாள்தான் தாத்தா! அதுவும் தமிழுக்கான வேலை” என்று கண் கலங்கினாள்.

நான் அவளுக்கு என் கதையைச் சொன்னேன். 1993இல் ஒரு சந்திப்பு நிலையத்தில் புதிய இன்டர்லாக்கிங் அமைத்தோம். எதிரெதிர் பாதைகளுக்கு ஒரே நேரத்தில் பச்சை விழாதபடி காக்கும் ஏற்பாடு அது. எல்லாப் பாதைகளையும் ஒவ்வொன்றாகச் சோதித்து முடித்த இரவு, ஒரு சைடிங்குக்குச் சிறு மாற்றம் வேண்டும் என்றார்கள். நான்கு கம்பிதானே என்று நானும் சம்மதித்தேன். காலைச் சோதனையில், தொடாத வேறொரு பாயின்ட் அசைய மறுத்தது. தொடக்கத்திலிருந்து மறுபடி சோதித்தோம். வண்டிகள் ஐந்து மணி நேரம் வெளியே நின்றன. தவறு என்னுடையது. கம்பி நான்குதான், ஆனால் அது தொட்ட சோதனைகள் நூற்றுக்கு மேல்.

மென்பொருள் உலகமும் இதைப் பட்டுத்தான் கற்றது. 1993இல் தொடங்கிய டெபியன் என்னும் திட்டம், 2002 ஜூலையில் ஒரு பதிப்பை வெளியிட்டது. அடுத்தது வர 2005 ஜூன் ஆயிற்று. ஏறத்தாழ மூன்று ஆண்டுகள்! பின்னர் ஃப்ரீஸ் தேதியை முன்கூட்டியே குறிக்கும் முறைக்கு வந்தார்கள். வெளியிடும் நாளோ, கடுமையான பிழைகள் தீர்ந்த பிறகே முடிவாகும். 2011 முதல் சுமார் இரண்டு ஆண்டுக்கு ஒரு பதிப்பு வருகிறது. 2025 ஆகஸ்ட் 9இல் வந்த 13ஆம் பதிப்புக்கு, மார்ச் மாதமே முதல் கதவைச் சாத்தினார்கள். பிறகு ஏப்ரல், மே, ஜூலை என்று படிப்படியாக இறுக்கினார்கள்.

இதில் தமிழுக்கும் பங்கு உண்டு. ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும், புதுப் பதிப்பு காணும் லிப்ரே ஆபீஸ் திட்டத்தில், திரையில் தோன்றும் ஆங்கிலச் சொற்றொடர்களுக்கென்றே தனிப் பூட்டு ஒன்று உண்டு. அதன் பிறகு சொற்கள் மாறா. அந்த இடைவெளியில்தான் மொழிபெயர்ப்பாளர்கள் நிம்மதியாக வேலை பார்க்க முடியும். கடைசி நாளில் ஒருவர் புது வசதி சேர்த்தால், தமிழ்த் திரையில் பாதி ஆங்கிலமாக நிற்கும். தாமதமாக வந்த ஒருவருக்குச் சலுகை கொடுத்தால், நேரத்துக்கு உழைத்த பத்துப் பேருக்கு அநியாயம்.

பேத்தி சற்று நேரம் பேசாமல் இருந்தாள். “அப்போ என் வேலை வீணா தாத்தா?” என்றாள்.

“இல்லை கண்ணு. அது அடுத்த வண்டியில் போகும். அதுவரை இந்த வண்டி ஒழுங்காகப் புறப்பட உதவி செய்” என்றேன்.

அந்த மாதம் முழுவதும் பிறர் எழுதியதில் பிழை தேடினாள். பதினொன்று கண்டுபிடித்தாள், அதில் இரண்டு தமிழ் எழுத்துகள் உடைந்து தோன்றும் பிழைகள். பதிப்பு வெளியான மறுநாளே அவளுடைய அகர வரிசையும் அடுத்த பதிப்புக்கு ஏற்கப்பட்டது.

நம் சங்க அன்பர்கள் வீட்டிலும் இப்படிப் பிள்ளைகள் இருப்பார்கள். இத்தகைய மென்பொருளின் சோதனைப் பதிப்பு வரும்போது, அதைத் தமிழில் ஓட்டிப் பாருங்கள். பிழை தென்பட்டால் எழுதி அனுப்புங்கள். அதற்கு நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. தமிழ் படிக்கத் தெரிந்தால் போதும்.