தறியிலிருந்து பிராசஸர் வரை

பொதட்டூர்பேட்டை விசைத்தறிகளின் ஊர். கணினி எப்படி வேலை செய்கிறது என்று அங்குள்ளவர்களுக்கு விளக்க மூளையையும் நரம்பையும் துணைக்கு அழைக்க வேண்டியதில்லை. தறிக்கும் கணினிக்கும் நேரடி வரலாற்று உறவே இருக்கிறது. பிரான்சைச் சேர்ந்த ஜோசப் மேரி ஜக்கார்டு, தமக்கு முன்னிருந்தவர்களின் முயற்சிகளைத் தொடர்ந்து 1804இல் உருவாக்கிய முறையில்தான் இன்றும் காஞ்சிபுரத்துச் சேலையில் கரையும் முந்தானையும் ஏறுகின்றன. ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. அட்டை வந்து ஊசிகள்மேல் அழுந்தும். துளை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே போய்விடும். அதன் கொக்கியைக் கத்தி தூக்க, அதில் கட்டிய பாவு இழை எழும். துளை இல்லாத இடத்தில் ஊசி பின்னால் தள்ளப்படும். கொக்கி கத்தியிலிருந்து விலகிவிடுவதால் இழை கீழேயே கிடக்கும். எழு, எழாதே என்ற இரண்டே கட்டளைகளால் மயிலும் மாங்காயும் பூத்துவிடுகின்றன. அட்டைக்கட்டை மாற்றினால் அதே தறி வேறு டிசைன் நெய்யும். கட்டளையை எந்திரத்திலிருந்து பிரித்துத் தனியே எழுதிவைத்த இந்த ஏற்பாடுதான் கணினிக்கு ஆதாரம் என்பேன்.

தறி கணக்குப் போடுவதில்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நெய்த பூவைப் பார்த்து அடுத்த அட்டையைத் தறி தேர்ந்தெடுப்பதில்லை. அந்தக் குறையைத் தீர்க்கும் வழியை 1830களில் இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ் வரைந்தார். ஜக்கார்டு அட்டைகளை அப்படியே எடுத்துக்கொண்டு, கணக்குப் போட ஒரு பகுதியும் எண்களை வைத்திருக்க இன்னொரு பகுதியும் சேர்த்தார். கிடைத்த விடையைப் பொறுத்து அடுத்த கட்டளை மாறவும் வழிசெய்தார். அந்த எந்திரம் முழுதாகக் கட்டப்படவே இல்லை. ஆனால் அந்தப் பிரிவினை இன்றைய கணினியிலும் நிற்கிறது. பிராசஸர் கணக்குப் போடுகிறது. ரேம் கட்டளைகளையும் எண்களையும் ஏந்தி நிற்கிறது, மின்சாரம் போனால் மறந்துவிடுகிறது. டிஸ்க் மறக்காமல் வைத்திருக்கிறது. பிராசஸர் ரேமிலிருந்து ஒரு கட்டளையை எடுக்கும், பொருள் பிரிக்கும், செய்து முடிக்கும், அடுத்ததற்குப் போகும். துளையின் வேலையை இன்று டிரான்சிஸ்டர் பார்க்கிறது. 1971இல் வந்த இன்டெல் 4004 சிப்பில் சுமார் 2,300 டிரான்சிஸ்டர்கள் இருந்தன. இன்றைய சிப்கள் பலவற்றில் ஆயிரம் கோடிக்கும் மேல்.

அப்படியானால் எல்லாம் பிராசஸரின் வேகம்தானே என்பது அடுத்த வாதம். கடைகளில் விற்பனை நடப்பதும் இந்த நம்பிக்கையில்தான். கணக்கைப் பார்த்தால் இது பாதி உண்மை. 3 கிகாஹெர்ட்ஸ் பிராசஸருக்கு ஒரு நொடியில் 300 கோடித் துடிப்பு. ஒரு துடிப்புக்குள் ஒளியே 10 சென்டிமீட்டர்தான் ஓடும். ரேமிலிருந்து ஓர் எண் வந்துசேர ஏறத்தாழ 300 துடிப்புகள் ஆகலாம். அதனால்தான் கேஷ் என்ற சிறு நினைவகத்தைப் பிராசஸருக்குள்ளேயே வைக்கிறார்கள். சுழலும் ஹார்டு டிஸ்க்கில் தேட 10 மில்லிநொடி ஆனால் 3 கோடித் துடிப்புகள் வீண். எஸ்எஸ்டி என்ற சுழலாத டிஸ்க்கில் இது சில லட்சத்துக்குள் அடங்கிவிடும். ஊடைக்கு நூல் வராமல் நிற்கும் தறியில் மோட்டாரை மட்டும் பெரிதாக்கி என்ன பயன்? வீடியோ எடிட்டிங் செய்பவருக்கு வேகமான பிராசஸர் வேண்டும்தான். பில் போடவும் கணக்கு எழுதவும் வைத்திருக்கும் பழைய கணினி மந்தமானால், புதிதாக வாங்கும் முன் டிஸ்க்கை எஸ்எஸ்டியாக மாற்றுங்கள். ரேம் போதவில்லை என்றால் அதைக் கூட்டுங்கள்.