தொண்டை வலியும் பிள்ளையின் கையெழுத்தும்

பெங்களூரில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை உள்ள வீட்டில் தொண்டை வலி ஒரு புதுச் செய்தி அல்ல. பள்ளி திறந்து, மழையும் குளிர்காற்றும் தொடங்கிவிட்டால் வீட்டுக்கு வீடு இருமலும் தும்மலும்தான். உப்புப் போட்ட வெந்நீரில் கொப்பளிக்கச் சொல்கிறோம். மிளகும் மஞ்சளும் போட்டுப் பால் காய்ச்சித் தருகிறோம். நாலைந்து நாளில் சரியாகிவிடுகிறது. பெரும்பாலான தொண்டை வலிக்கு இதுவே போதும். அவை வைரஸால் வருபவை. தாமே வந்து தாமே போய்விடும்.

ஆனால் எல்லாத் தொண்டை வலியும் அப்படி அல்ல. சிலவற்றுக்குக் காரணம் 'ஏ' பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் பாக்டீரியா. 5 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளையே இது அதிகம் பிடிக்கிறது. தொண்டை முழுவதும் ஆறிப்போன பின், சில வாரங்கள் கழித்தோ, சில மாதங்கள் கழித்தோ இது தன் விளைவைக் காட்டக்கூடும். அதுவும் தொண்டையில் அல்ல. மூட்டில், இதயத்தில், மூளையில். நன்றாக எழுதிக்கொண்டிருந்த பிள்ளையின் கையெழுத்து கோணல்மாணலாவதும், காரணமின்றி அழுவதும் சிரிப்பதும் அந்தப் பழைய தொண்டை வலியின் மிச்சமாக இருக்கலாம்.

ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. பிள்ளை திடீரென்று மாறினால் நம்மிடம் காரணம் தயாராக இருக்கிறது. "புது ஊர், புதுப் பள்ளி, கன்னடம் இன்னும் வரவில்லை, அந்த ஏக்கம்தான்" என்கிறோம். ஊரிலிருந்து பாட்டி, "கண்ணு பட்டிருக்கும், சுற்றிப் போடுங்கள்" என்கிறார். ஆசிரியையோ பிள்ளைக்குக் கவனம் போதவில்லை என்று குறிப்பு எழுதி அனுப்புகிறார். உடலில் காரணம் இருக்குமோ என்று மட்டும் யாருக்கும் தோன்றுவதில்லை.

காவலே தாக்கினால்

கிருமி உடலில் புகுந்ததும் நம் நோய் எதிர்ப்பு சக்தி அதன் அடையாளங்களைக் குறித்துக்கொண்டு, அதை அழிக்க எதிர்ப்பொருள்களை உண்டாக்குகிறது. ஸ்ட்ரெப்டோகாக்கஸின் மேலுறையில் உள்ள சில புரதங்களும் சர்க்கரைப் பொருள்களும் நம் இதயத் திசுக்களிலும் மூளையின் நரம்பணுக்களிலும் உள்ள பொருள்களைப் போலவே இருக்கின்றன. இதனால் சில பிள்ளைகளின் உடலில் ஆள் மாறாட்டம் நடந்துவிடுகிறது. திருடனைப் பிடிக்கப் புறப்பட்ட காவலர், அவனைப் போலச் சட்டை போட்ட வீட்டுக்காரரையே அடிப்பது போல.

இந்தத் தாக்குதலே ருமாட்டிக் காய்ச்சல். தொண்டை வலி வந்து இரண்டு மூன்று வாரம் கழித்துக் காய்ச்சலும் மூட்டு வீக்கமும் தோன்றும். மூட்டு வீக்கம் தழும்பில்லாமல் ஆறிவிடும். இதய வால்வு அப்படியல்ல. அதில் ஏற்படும் வடு ஆயுளுக்கும் நிற்கலாம். வேலூர் மாவட்டக் கிராமப் பள்ளிகளில் 2001-2002இல் 2 லட்சத்து 29 ஆயிரத்துக்கும் அதிகமான பிள்ளைகளைப் பரிசோதித்தபோது, ஆயிரத்துக்கு 0.68 என்ற அளவில் இந்த இதய நோய் காணப்பட்டது. முந்தைய காலத்தோடு ஒப்பிட்டால் குறைவுதான். ஆனால் பத்தாயிரம் பிள்ளைகளில் ஆறேழு பேர் என்பது அந்த வீடுகளுக்குச் சிறிய எண் அல்ல.

1686இல் எழுதப்பட்ட நோய்

அதே தாக்குதல் மூளையின் அடிப்பகுதியில், அசைவுகளைக் கட்டுப்படுத்தும் நரம்பு முடிச்சுகளில் நடந்தால் வருவது சிடன்ஹாம் கொரியா. ஆங்கில மருத்துவர் தாமஸ் சிடன்ஹாம் 1686இல் இதை விவரித்து எழுதினார். தொண்டைக்கும் இதற்கும் உள்ள உறவு அவர் காலத்தில் தெரியாது.

இந்த நோயில் கை, கால், முகம் எல்லாம் பிள்ளையின் விருப்பமின்றி ஆடும். டம்ளர் கைநழுவும். சட்டைப் பொத்தான் போட வராது. நீட்டிய நாக்கை உள்ளே இழுத்துக்கொள்ளாமல் வைத்திருக்க முடியாது. நம் விரலைப் பிடித்துக்கொள்ளச் சொன்னால், பிள்ளையின் பிடி பால் கறப்பதுபோல் இறுகியும் தளர்ந்தும் வரும். தூங்கும்போது ஆட்டம் நின்றுவிடும். ஆண் பிள்ளைகளைவிடப் பெண் பிள்ளைகளுக்கே இது அதிகம்.

பலரும் அறியாதது, இது மனத்தையும் தொடும் என்பது. கை ஆடத் தொடங்குவதற்கு முன்பே எரிச்சல், அழுகை, ஒரே எண்ணம் திரும்பத் திரும்ப வருதல் ஆகியவை தோன்றலாம். அந்த நிலையில்தான் பிள்ளை "வேண்டுமென்றே செய்கிறாள்" என்று அடி வாங்குகிறது.

தொண்டை நோய்க்கும் கொரியாவுக்கும் இடையே ஒன்று முதல் ஆறு மாதங்கள் கழிந்திருக்கலாம். ஆகவே தொண்டை வலி எப்போது வந்தது என்பதையே பெற்றோர் மறந்திருப்பார்கள். இந்நோய் பெரும்பாலும் சில மாதங்களில் தணிந்துவிடும். ஆனால் கொரியா வந்த பிள்ளைக்கு இதயமும் பாதிக்கப்பட்டிருக்கலாம். ஸ்டெதாஸ்கோப்பில் ஒன்றும் கேட்கவில்லை என்றாலும் எக்கோ பரிசோதனை அவசியம்.

ஒரே நாளில் மாறிய பிள்ளைகள்

அமெரிக்க தேசிய மனநல ஆய்வு நிறுவனத்தில் சூசன் ஸ்வீடோவும் அவருடன் பணியாற்றியவர்களும் கொரியா நோயாளிப் பிள்ளைகளை ஆராய்ந்து வந்தார்கள். கொரியாவின் ஆட்டம் இல்லாமல், மன அறிகுறிகள் மட்டும் திடீரெனத் தோன்றும் பிள்ளைகளும் இருப்பதைக் கவனித்தார்கள். 1998இல் அப்படிப்பட்ட 50 பிள்ளைகளைப் பற்றி எழுதி, அந்த நிலைக்குப் 'பாண்டாஸ்' என்று பெயரிட்டார்கள். நேற்று வரை சரியாக இருந்த பிள்ளை ஓரிரு நாளில் ஓயாமல் கை கழுவத் தொடங்கும். கண்ணைச் சிமிட்டும், தோளைக் குலுக்கும். தாயை விட்டு நகர மறுக்கும். ஸ்ட்ரெப் தொற்று வரும்போதெல்லாம் இது கூடும், பிறகு குறையும். இதில் ஆண் பிள்ளைகளே அதிகம்.

கொரியாவைப் போல இது ஐயத்துக்கு இடமில்லாத நோய் அல்ல. மருத்துவர்களிடையே இதுபற்றி இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. தொண்டை நோயும் ஓ.சி.டி. எனப்படும் எண்ணச் சுழற்சியும் பிள்ளைப் பருவத்தில் வருபவையே. இரண்டும் சேர்ந்து வந்ததாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது. மிகுந்த செலவு பிடிக்கும் இம்யூனோகுளோபுலின் ஊசியை 35 பிள்ளைகளுக்கு முறையாகச் சோதித்து 2016இல் வெளியான ஆய்வில், உண்மை மருந்துக்கும் போலி மருந்துக்கும் இடையே உறுதியான வேறுபாடு கிடைக்கவில்லை. வீட்டை அடகு வைத்து இந்த ஊசிக்குப் போகுமுன் இரண்டாவது மருத்துவரின் கருத்தையும் கேட்பது நல்லது.

தொண்டைக்கும் மூளைக்கும் எப்படித் தொடர்பு என்ற கேள்விக்கும் விடை கிடைத்து வருகிறது. கொரியா நோயாளிகளின் எதிர்ப்பொருள்கள் நரம்பணுக்களில் ஒட்டிக்கொண்டு அவற்றைத் தூண்டுவதை, ஒக்லஹாமாவில் மெடலின் கன்னிங்ஹாம் குழுவினர் 2003இல் காட்டினார்கள். எலிகளின் மூக்கில் இக்கிருமியைத் திரும்பத் திரும்பச் செலுத்திய ஆய்வு ஒன்று 2016இல் வெளியானது. கிருமி அல்ல, அதை எதிர்க்கப் பிறந்த 'டி' அணுக்களே மூளைக்குள் நுழைந்தன; இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பும் தளர்ந்தது. இக்கட்டுரையின் முதல் ஆசிரியர் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் தாமோதரம்பிள்ளை திலீபன். தமிழ்ப் பெயரைப் பார்த்ததும் நமக்கு மகிழ்ச்சிதானே!

பெற்றோர் கவனத்துக்கு

1. இருமலும் மூக்கொழுகலும் இல்லாமல், திடீர்க் காய்ச்சல், விழுங்க முடியாத வலி, கழுத்தில் நெறி கட்டுதல், டான்சிலில் வெண்படலம் ஆகியவை இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். "கண்டலு நோவு" என்ற இரண்டு சொல் போதும், எந்தக் கன்னட மருத்துவருக்கும் புரியும்.

2. நோய் தொடங்கி 9 நாளுக்குள் உரிய மருந்தை ஆரம்பித்தால் ருமாட்டிக் காய்ச்சலைத் தடுக்கலாம். பெனிசிலினோ அமாக்சிசிலினோ 10 நாளைக்கு எழுதித் தந்தால் 10 நாளும் கொடுங்கள். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது என்று நிறுத்த வேண்டாம். மருந்துக் கடையில் நீங்களே கேட்டு வாங்கவும் வேண்டாம்.

3. ஏ.எஸ்.ஓ. என்ற இரத்தப் பரிசோதனையை மட்டும் நம்பி முடிவு செய்ய வேண்டாம். நல்ல ஆரோக்கியமான பிள்ளைக்கும் அது கூடுதலாக இருக்கலாம். கொரியா வந்த பிள்ளைக்கு அதற்குள் இறங்கியும் போயிருக்கலாம்.

4. பிள்ளையின் நடத்தை சட்டென்று மாறினால் தேதி குறித்து வையுங்கள். பழைய நோட்டையும் புதிய நோட்டையும் மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். கையெழுத்தின் மாற்றம் அவருக்கு நிறையச் சொல்லும்.

நம் நகரில் இதற்கெல்லாம் வழி இருக்கிறது. ஓசூர் சாலையில் நிமான்ஸ். நரம்பியல், குழந்தை மனநலம் இரண்டும் ஒரே வளாகத்தில். ஓ.சி.டி.க்குத் தனிப் பிரிவே உண்டு. அதன் அருகிலேயே இந்திரா காந்தி குழந்தைகள் மருத்துவமனை. இதயத்துக்குப் பன்னேர்கட்டா சாலை ஜெயதேவா. மூன்றும் அரசு சார்ந்தவை. மனநலப் பிரிவுக்குப் போவதில் தயக்கம் வேண்டாம். காரணம் எதுவாயினும், எண்ணச் சுழற்சிக்குப் பயிற்சியும் மருந்தும் பலன் தருகின்றன.

ஊசியும் ஊர்ப் பயணமும்

ருமாட்டிக் காய்ச்சலோ கொரியாவோ ஒருமுறை வந்த பிள்ளைக்கு, ஒவ்வொரு புதிய தொண்டை நோயும் இதயத்தை மேலும் கெடுக்கலாம். அதைத் தடுக்கத்தான் பென்சத்தின் பெனிசிலின் ஊசி. நம் நாட்டில் பெரும்பாலும் 21 நாளுக்கு ஒருமுறை போடுகிறார்கள். இதயம் தப்பியிருந்தாலும் குறைந்தது 5 ஆண்டுகள். வால்வு கெட்டிருந்தால் 40 வயது வரைகூட.

இங்கேதான் நம் குடும்பங்கள் தவறவிடுகின்றன. கோடை விடுமுறைக்குத் திருநெல்வேலிக்கோ சேலத்துக்கோ போய் ஒன்றரை மாதம் தங்குகிறோம். இரண்டு ஊசி விட்டுப்போகிறது. வேலை மாறி வேறு பேட்டைக்குக் குடிபோகிறோம். பழைய மருத்துவச் சீட்டு மூட்டை முடிச்சில் எங்கோ போய்விடுகிறது. பிள்ளை ஓடியாடி நன்றாக இருப்பதால் ஊசி எதற்கு என்றும் தோன்றிவிடுகிறது. நன்றாக இருப்பதே அந்த ஊசியால்தான்.

ஆகவே ஊசித் தேதிகளை எழுதிய அட்டையை ரேஷன் கார்டு போலப் பத்திரமாக வையுங்கள். நோயின் பெயர், மருந்தின் அளவு, எக்கோ முடிவு மூன்றையும் அதில் எழுதி வாங்குங்கள். பயணத்துக்கு டிக்கெட் எடுக்கும்போதே அடுத்த ஊசித் தேதியைப் பாருங்கள். ஒவ்வாமை உண்டாகலாம் என்பதால் எந்த ஊரிலும் மருத்துவர் முன்னிலையில்தான் போட வேண்டும். எங்கே போடுவது என்று முன்கூட்டியே விசாரித்து வையுங்கள்.

நோய் எது என்பதோடு நில்லாமல், அது எதனால் வந்தது என்றும் தேடச் சொல்கிறது குறளின் 'மருந்து' அதிகாரம். நம் பிள்ளை மாறிவிட்டதாகத் தோன்றினால், திட்டுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்போம்: கடந்த சில மாதத்தில் இவனுக்குத் தொண்டை வலி வந்ததா? விடை "ஆம்" என்றால், அதை மறக்காமல் மருத்துவரிடம் சொல்வோம்.