கிளைடருக்கு ரிசீவர் அமைப்பது எப்படி? சிக்னல் போனால் என்ன ஆகும்?

ரேடியோ கண்ட்ரோல் விமானம் என்றாலே புரொப்பல்லர் சத்தத்துடன் பறப்பதுதான் பலருக்கு நினைவுக்கு வரும். கிளைடர் வேறு ரகம். இதற்கு நீளமான இறக்கை உண்டு, இன்ஜின் கிடையாது. சிலவற்றில் ஒரு சிறிய மின் மோட்டார் இருக்கும். அதுவும் மேலே ஏறும்வரைதான் ஓடும். பிறகு வெப்பக் காற்று எழும்பும் இடத்தைத் தேடிப் பிடித்து, பருந்து போல வட்டமிட வேண்டியதுதான்.

கம்ப்யூட்டர் இதழில் இதற்கென்ன வேலை என்று கேட்கிறீர்களா? இன்றைய ரிசீவர் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். அதற்குள் ப்ராசசர் இருக்கிறது, வைஃபை இருக்கிறது, பிரவுசரில் திறந்து செட்டிங்ஸ் மாற்ற ஒரு வெப் பக்கமும் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் பலரும் தொடாமல் விடும் ஒரு செட்டிங் உண்டு. கிளைடருக்கு அதுதான் மிக முக்கியம்.

முதலில் அடிப்படையைப் பார்த்துவிடுவோம். உங்கள் கையில் இருப்பது டிரான்ஸ்மிட்டர். கிளைடருக்குள் இருப்பது ரிசீவர். ரிசீவரில் வரிசையாக உள்ள பின்களில் சர்வோ மோட்டார்களைச் செருகுகிறோம். ஒவ்வொரு சர்வோவுக்கும் வழக்கமாக வினாடிக்கு 50 முறை ஒரு பல்ஸ் போகும். அந்தப் பல்ஸின் நீளம் 1500 மைக்ரோ செகண்ட் என்றால் சர்வோ நடுவில் நிற்கும். 1000 என்றால் ஒரு பக்கம், 2000 என்றால் மறுபக்கம். இந்த எண்கள் பின்னால் தேவைப்படும், நினைவில் வையுங்கள்.

இப்போது ஒரு கேள்வி. பறந்துகொண்டிருக்கும்போது சிக்னல் துண்டித்துவிட்டால் ரிசீவர் என்ன செய்யும்? மோட்டார் விமானத்துக்குப் பதில் எளிது. மோட்டாரை நிறுத்தினால் அது சீக்கிரமே கீழே வந்துவிடும். கிளைடர் அப்படி வராது. நல்ல 2 மீட்டர் கிளைடர் வினாடிக்கு அரை மீட்டர்தான் கீழிறங்கும். 150 மீட்டர் உயரத்தில் சிக்னல் போகிறது என்று வைத்துக்கொள்வோம். தரைக்கு வர 300 வினாடி. வினாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் நேராகப் பறந்தால், அதற்குள் 2.4 கிலோ மீட்டர் போயிருக்கும்! வழியில் வெப்பக் காற்று கிடைத்தால் இன்னும் உயரே ஏறி, இன்னும் தூரம் போகும். அது இறங்கும் இடம் வயலாக இருக்கலாம், பைக்குகள் போகும் ரோடாகவும் இருக்கலாம்.

என் நண்பர் ஒருவரின் கிளைடர் இப்படித்தான் போனது. வறண்ட ஏரியில் பறக்கவிட்டுக்கொண்டிருந்தோம். சிக்னல் போனதும் ரிசீவர் கடைசியாக வந்த கட்டளையையே பிடித்துக்கொண்டது. கிளைடர் அழகாக, ஆடாமல் அசையாமல், நெடுஞ்சாலைப் பக்கம் போனது. பைக்கில் துரத்தினோம். ஒரு தென்னந்தோப்பில் கிடைத்தது. யாருக்கும் அடி இல்லை என்றதும்தான் மூச்சு வந்தது.

ரேடியோ இல்லாத பழைய காலத்துக் கிளைடர்களிலேயே இந்தப் பிரச்சினை இருந்தது. அதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழி சுவாரசியமானது. மெதுவாக எரியும் ஒரு திரியைப் பற்றவைத்து அனுப்புவார்கள். குறித்த நேரத்தில் அது ரப்பர் பேண்டை எரித்து அறுக்கும். உடனே வால் தகடு மேலே நிமிரும். மாடல் பறக்கும் திறனை இழந்து தட்டையாகக் கீழே இறங்கும். இதற்கு டிதெர்மலைசர் என்று பெயர். அந்தத் திரியின் வேலையை இன்று செய்வது ரிசீவரில் உள்ள ஃபெயில்சேஃப் என்ற செட்டிங். ஆனால் எப்படி இறங்க வேண்டும் என்று நாம்தான் அதற்குச் சொல்ல வேண்டும்.

உதாரணத்துக்கு எக்ஸ்பிரஸ் எல்ஆர்எஸ் என்ற ஓப்பன் சோர்ஸ் சிஸ்டத்தை எடுத்துக்கொள்கிறேன். இது 2.4 கிகாஹெர்ட்ஸிலும் 900 மெகாஹெர்ட்ஸ் பகுதியிலும் கிடைக்கிறது. நம் நாட்டில் 2.4 வகையையே வாங்குங்கள். அந்த அலைவரிசைக்கு 2005-லேயே லைசென்ஸ் விலக்கு வந்துவிட்டது. 915 மெகாஹெர்ட்ஸுக்கு அப்படி விலக்கு இல்லை. வாங்கும்போது சர்வோக்களை நேரடியாகச் செருகும் பிடபிள்யூஎம் வகை ரிசீவர்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

டிரான்ஸ்மிட்டரை ஆன் செய்யாமல் ரிசீவருக்கு மட்டும் பேட்டரி கொடுங்கள். 60 வினாடி காத்திருந்தால் அது வைஃபை மோடுக்குப் போகும். உங்கள் கம்ப்யூட்டரிலோ மொபைலிலோ எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் ஆர்எக்ஸ் என்ற நெட்வொர்க் தெரியும். பாஸ்வேர்டு எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ்; ஆங்கிலத்தில் சிறிய எழுத்துகளில், இடைவெளி இல்லாமல் டைப் செய்யுங்கள். பிறகு பிரவுசரின் அட்ரஸ் பாரில் 10.0.0.1 என்று அடித்து என்டர் தட்டுங்கள். செட்டிங்ஸ் பக்கம் திறக்கும்.

முதல் வேலை பைண்டிங், அதாவது இரண்டையும் ஜோடி சேர்ப்பது. டிரான்ஸ்மிட்டரில் கொடுத்த பைண்டிங் ஃபிரேஸை எழுத்து மாறாமல் இங்கேயும் கொடுத்து சேவ் செய்யுங்கள். ஜோடி சேரவில்லையா? முதலில் வெர்ஷனைப் பாருங்கள். 2.x ரிசீவரும் 3.x டிரான்ஸ்மிட்டரும் ஒன்றோடொன்று பேசாது. இன்னொன்று, இந்த ஃபிரேஸை பாஸ்வேர்டு என்று நினைக்க வேண்டாம். பக்கத்தில் பறப்பவருடைய ரேடியோவோடு குழம்பாமல் இருப்பதற்கு மட்டுமே அது. ஒன்றுக்கு மேல் மாடல் வைத்திருப்பவர்கள் மாடல் மேட்ச் வசதியையும் ஆன் செய்துகொள்வது நல்லது. வேறு விமானத்தின் செட்டிங்கோடு தவறிப்போய்க் கிளைடரை எறிந்துவிடாமல் அது காப்பாற்றும்.

அடுத்து ஒரு முக்கியமான எச்சரிக்கை. எக்ஸ்பிரஸ் எல்ஆர்எஸ் ட்ரோன்காரர்கள் உருவாக்கியது. அதன் வழக்கமான மோடுகளில் சேனல் 5 வெறும் ஆன்/ஆஃப் சுவிட்ச்தான். கிளைடரின் இரண்டாவது எய்லரானையோ ஃபிளாப்பையோ வழக்கம்போல் அதில் செருகினால், சர்வோ ஒரு கோடியில் இருந்து மறு கோடிக்குத் தாவும், நடுவில் நிற்காது. ரிசீவர் பழுது என்று கடைக்குத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். வெப் பக்கத்தில் எந்தப் பின்னுக்கு எந்தச் சேனல் என்று நீங்களே மாற்றலாம். 5-ஆவது பின்னுக்குச் சேனல் 6 அல்லது 9 கொடுத்துவிடுங்கள். டிரான்ஸ்மிட்டரில் 100 ஹெர்ட்ஸ் ஃபுல் என்ற ரேட்டைத் தேர்ந்தெடுத்தால், இந்த ஒரு சேனலைத் தவிர மற்ற எட்டும் முழு நுணுக்கத்துடன் வேலை செய்யும்.

இனி ஃபெயில்சேஃப். அதே பக்கத்தில் ஒவ்வொரு பின்னுக்கும் நேராக மூன்று வழிகள் இருக்கும்: பல்ஸை நிறுத்துவது, கடைசி நிலையைப் பிடித்துக்கொள்வது, நாம் சொன்ன நிலைக்குப் போவது. டிபால்ட்டாக மோட்டார் சேனலான 3 மட்டும் 988-க்கும் மற்றவை 1500-க்கும் போகும். மோட்டார் நிற்பது சரி. மற்ற சர்வோக்கள் எல்லாம் நடுவில் என்றால் என்ன அர்த்தம்? கிளைடர் நன்றாக நேராகப் பறக்கும் என்று அர்த்தம்! நமக்கு வேண்டாதது அதுதான். போதாக்குறைக்கு, ஃபிளாப் சர்வோவைப் பலரும் ஒருபக்கம் தள்ளிப் பொருத்துவதால் 1500 என்பது பாதி ஃபிளாப்பாகக்கூட இருக்கலாம்.

எனவே மூன்றாவது வழியைத் தேர்ந்தெடுங்கள். ஃபிளாப் உள்ள கிளைடர் என்றால் ஃபிளாப் இரண்டும் கீழே, எய்லரான் இரண்டும் மேலே. தரையிறங்க நாம் பயன்படுத்தும் அதே பிரேக் நிலைதான் இது. அதற்கேற்ற எலிவேட்டர், கூடவே கொஞ்சம் ரடர். பிரேக் வேகமாக இறக்கும். ரடர் வட்டமிட வைத்துத் தூரம் போகாமல் தடுக்கும். வினாடிக்கு 3 மீட்டர் இறங்கினால் 150 மீட்டர் உயரத்தில் இருந்து 50 வினாடியில் தரைக்கு வந்துவிடும். காற்று 4 மீட்டர் வேகத்தில் தள்ளினாலும் 200 மீட்டர்தான் நகரும். மேலே சொன்ன 2.4 கிலோ மீட்டரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ரடரும் எலிவேட்டரும் மட்டுமே உள்ள எளிய கிளைடராக இருந்தால் ரடர், கொஞ்சம் அப் எலிவேட்டர் போதும்.

எண்களை எப்படிக் கண்டுபிடிப்பது? எட்ஜ்டிஎக்ஸ் போட்ட டிரான்ஸ்மிட்டரில் ஸ்டிக்குகளை அந்த நிலையில் பிடித்து, சேனல் மானிட்டரில் ஒவ்வொரு சேனலின் சதவீதத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அதை 5.12-ஆல் பெருக்கி 1500-உடன் கூட்டினால் மைக்ரோ செகண்ட் கிடைக்கும். 40 சதவீதம் என்றால் 1705. மைனஸ் 30 என்றால் 1346. இவற்றை டைப் செய்து சேவ் கொடுங்கள்.

ஆனால் இதே நிலையில் உங்கள் கிளைடர் எப்படி இறங்குகிறது என்று தெரியாமல் விட்டுவிடாதீர்கள். நல்ல உயரத்தில், ஆள் இல்லாத இடத்தில், கையாலேயே ஸ்டிக்கை அந்த நிலைக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். சுழன்று தலைகுப்புற விழுந்தால் ரடரைக் குறையுங்கள். பறக்கும்போது டிரான்ஸ்மிட்டரை ஆஃப் செய்து சோதிக்கும் வீரர்கள் உண்டு. அது வேண்டாத வேலை.

எங்கள் அலுவலகத்தில் புதிதாக வருபவர்களிடம், சர்வர் பதில் தராவிட்டால் புரோகிராம் என்ன செய்யும் என்றுதான் முதலில் கேட்போம். ஏதாவது செய்யும் என்ற பதிலை ஏற்க மாட்டோம். ரிசீவரிலும் அப்படித்தான்.

சிக்னல் போகாமல் பார்த்துக்கொள்வதும் நம் கையில் இருக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 செ.மீ. அதில் கால் பங்கு 31 மி.மீ. ஒயர் ஆண்டெனா என்றால், நுனியில் உறை உரித்த அந்த 31 மி.மீ. மட்டும்தான் உண்மையான ஆண்டெனா. மீதி வெறும் கேபிள். அந்த நுனியை வெட்டவோ மடக்கவோ கூடாது. கார்பன் ஃபைபர் இந்த அலையைத் தடுக்கும். உடல் கார்பனாக இருந்தால் நுனியை வெளியே நீட்டிவிடுங்கள். ஃபோம் உடலாக இருந்தாலும் இறக்கைக்குள் போகும் கார்பன் குழாயை ஒட்டி வைக்காதீர்கள். இரண்டு ஆண்டெனா உள்ள ரிசீவரில் ஒன்றுக்கொன்று 90 டிகிரியில் ஒட்டுங்கள். கிளைடர் வட்டமிடும்போது ஏதாவது ஒன்றாவது உங்களைப் பார்க்கும்.

பேட்டரி தீர்ந்துபோனால் எந்த ஃபெயில்சேஃபும் வேலை செய்யாது என்பதையும் மறந்துவிட வேண்டாம். ரிசீவருக்கே உயிர் இல்லாதபோது யார் கட்டளை கொடுப்பது? வோல்டேஜ் டெலிமெட்ரி இருந்தால் அதற்கு ஒரு குரல் எச்சரிக்கை வையுங்கள்.

கடைசியாகத் தரையில் ஒரு சோதனை. மோட்டார் இருந்தால் புரொப்பல்லரைக் கழற்றிவிடுங்கள். டிரான்ஸ்மிட்டரை ஆஃப் செய்யுங்கள்; ரிசீவர் இன்னும் ஆனில் இருக்கிறது என்று எச்சரித்தால் சரி என்று சொல்லிவிடுங்கள். சற்று நேரத்தில் ஃபிளாப் கீழிறங்கி, எய்லரான் நிமிர்ந்து, ரடர் சாய வேண்டும். பிறகு மீண்டும் ஆன் செய்து, பவரை 10 மில்லிவாட்டுக்குக் குறைத்து, நண்பர் கிளைடரைப் பிடித்துத் திருப்பிக் காட்ட, நீங்கள் மைதானத்தின் மறு எல்லைவரை நடந்து பாருங்கள். திரையில் லிங்க் குவாலிட்டி 100-ஐ ஒட்டியே இருக்க வேண்டும். கிளைடரைத் திருப்பும்போது ஒரு திசையில் மட்டும் அது சரிந்தால் ஆண்டெனாவை இடம் மாற்றி ஒட்டுங்கள். பறக்கும் முன் பவரைப் பழைய அளவுக்கு உயர்த்திவிடுங்கள்.